வால் பாதி வெள்ளையாக இருக்கும் எலிக்கு மருந்து வைக்கலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிக்கொள்கிறேன். கானாடுகாத்தான் பக்கம், வருஷத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் உங்கள் ஐயா வீடு. மூன்றாம் கட்டுச் சுவரை ஒட்டிக் கோயில் காடு. திருவிழாவுக்கு வீட்டைத் திறந்தபோது, இரவில் இலுப்பைக் கிளையில் ஒரு எலி ஓடியது. வாலின் பின்பாதி வெள்ளை. மறுநாள் இரவு அதே மாதிரி ஒன்று சுவர்மேல் நடந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் மருந்து வைத்துவிடலாம் என்கிறார், ஆச்சி அது காட்டு எலி, கை வைக்காதே என்கிறார்கள். என்ன எலி, அரிதானதா, மருந்து வைக்கலாமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது, இது தேக்குப் பெட்டியையும் மின்கம்பியையும் கடித்து வைக்கும் வீட்டு எலியா, வேறா என்ற ஒரு கேள்விதான். அதில் முக்கால்வாசியை வாலை வைத்தே தீர்த்துவிடலாம்.

நீங்கள் பார்த்த அடையாளம் சரியாக இருந்தால் அது வெள்ளைவால் காட்டெலி. அறிவியல் பெயர் மேட்ரோமிஸ் பிளான்ஃபோர்டி. 1881-ல் ஓல்ட்ஃபீல்ட் தாமஸ் என்ற விலங்கியலாளர் இதை விவரித்து, புவியியலாளர் டபிள்யூ.டி. பிளான்ஃபோர்டின் பெயரை வைத்தார். விவரிக்க எடுத்துக்கொண்ட மாதிரி அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பையிலிருந்து வந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கும் இனம். மரப் பொந்திலும் பாறை இடுக்கிலும் பகலைக் கழித்துவிட்டு இருட்டிய பிறகு வெளியே வரும். பழம், விதை, கொட்டை, கிடைத்தால் பூச்சி என்று தின்னும். மேலே சாம்பல் கலந்த பழுப்பு, அடியில் வெள்ளை, மென்மையான ரோமம், பெரிய காது, பெரிய கண். வால் உடலைவிட நீளம். வாலின் தொடக்கம் கருமையாக இருக்கும். கடைசி மூன்றில் ஒரு பங்கோ பாதியோ வெள்ளை. அந்த வெள்ளைப் பகுதியில் மயிர் கொஞ்சம் நீண்டு நிற்பதால் நுனி லேசாகக் குஞ்சம் கட்டினது போல் தெரியும். உலகப் பாதுகாப்புப் பட்டியலில் கவலைக்குரிய இனமாக இது இல்லை. ஆகவே 'அரிது' என்ற சொல் பொருந்தாது. அதிகம் பேர் கவனிக்காதது என்று வேண்டுமானால் சொல்லலாம். இரவில் மரத்தில் ஓடும் எலியை யாரும் நின்று பார்ப்பதில்லை, பார்த்தாலும் எலி என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம்.

வெள்ளை வால் என்பதை மட்டும் கேட்டுவிட்டு முடிவு சொல்வது ஆபத்து. நாலைந்து வழியில் ஏமாறலாம். ஓட்டுக்கூரையில் ஓடும் சாதாரண வீட்டு எலிக்கும் வால் உடலைவிட நீளம், அதுவும் நன்றாக மரம் ஏறும். ஆனால் அதன் வால் அடியிலிருந்து நுனி வரை ஒரே கருமை, மயிர் இல்லாதது போல வழுவழுவென்று வளையம் வளையமாகத் தெரியும். சிலவற்றுக்கு நுனியில் மட்டும் விரற்கடை அளவு வெள்ளை இருப்பதுண்டு. அது அரை வால் வெள்ளையாகாது. பூனை வாயிலோ பொறியிலோ வால் மாட்டிக்கொண்டு தோல் உரிந்து போன வீட்டு எலியும் வெளிறிய வாலோடு சில நாள் திரியும். அதன் வெளிறிய பகுதியில் மயிர் இராது, பிறகு அது காய்ந்து உதிர்ந்துவிடும். சுண்ணாம்பு அடித்த வாரத்தில் பார்த்த வெள்ளை வாலையும் நான் கணக்கில் எடுக்க மாட்டேன். கோயில் காட்டுத் தரையில் வளை தோண்டி வாழும் வெள்ளெலியின் வால் நுனியில் குஞ்சம் உண்டு, அது கருங்குஞ்சம். பின்னங்கால் நீண்டு தாவித் தாவி ஓடும், கிளையில் பார்க்க முடியாது. வரப்பு எலிக்கும் பெருச்சாளிக்கும் வால் உடலைவிட நீளமாக இருப்பதில்லை, உடம்பும் கனம். இலுப்பைக் கிளையில் இன்னொன்றும் ஓடக்கூடும்: நீள்வால் மரச்சுண்டெலி. கட்டைவிரல் பருமன்தான், செம்பழுப்பு நிறம், வால் உடலைப் போல் ஒன்றரை மடங்கு. காலின் முதல் விரலிலும் கடைசி விரலிலும் கூர்நகத்துக்குப் பதில் தட்டையான நகம் இருப்பதால் மெல்லிய குச்சியைக்கூட இறுகப் பிடித்துக்கொண்டு போகும். அதன் வாலில் வெள்ளை இல்லை. பகலில் பார்த்ததாக யாராவது சொன்னால் அது அணிலாகவோ, அணில் போலத் தெரியும் மூங்கில் அணத்தானாகவோ இருக்கும். அணத்தான் எலிக் குடும்பமே இல்லை. மூஞ்சூறும் அப்படித்தான், எலி என்று பெயர் வாங்கிக் கட்டிக்கொண்டு அடி படுகிறது.

நீங்கள் இணைத்திருக்கும் படத்தில் சுவர்மேல் ஒரு எலியும், ஒளி பட்டு வெளுத்த ஒரு வாலும் தெரிகின்றன. நீளமான வால் என்பது உறுதி. பின்பாதி உண்மையிலேயே வெள்ளையா, டார்ச் வெளிச்சம் அடித்து வெளுத்ததா என்பதை அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. கிளையில் பார்த்ததும் சுவரில் பார்த்ததும் ஒரே இனம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காட்டை ஒட்டிய வீட்டில் காட்டெலியும் வீட்டு எலியும் சேர்ந்தே இருக்கலாம். உறுதி செய்வது கடினமில்லை. டார்ச்சின் முகப்பில் சிவப்பு கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். எலிக்குச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகத் தெரியாது. இருட்டி ஒரு மணி நேரம் கழித்து, மரத்திலிருந்து மூன்று நாலு மீட்டர் தள்ளி, அசையாமல் இருங்கள். கண் மின்னல் தெரிந்ததும் சிவப்பு வெளிச்சத்திலேயே சில நொடி வீடியோ எடுத்துவிட்டு, பிறகு வெள்ளை வெளிச்சத்தைப் பக்கவாட்டில் போடுங்கள். நேரே போட்டால் வால் மறுபடியும் வெளுத்துப்போகும். வால் முழுவதும் தெரிய ஒரு படம், காதும் முகமும் தெரிய ஒரு படம், அது நின்ற இடத்தில் பிறகு ஒரு அளவுகோலை வைத்து ஒரு படம், இந்த மூன்றும் போதும். அசைவு கண்டதும் தானே படம் எடுக்கும் தானியங்கிக் கேமரா கிடைத்தால் இன்னும் நல்லது. கிளை கவட்டையை நோக்கி அரை மீட்டர் தூரத்தில் கட்டி, விளக்கின்மேல் ஒரு சுற்று வெள்ளைத் துணிநாடா ஒட்டுங்கள், அவ்வளவு பக்கத்தில் வெளிச்சத்தைக் குறைக்காவிட்டால் படம் வெறும் வெள்ளையாக வரும்.

கூண்டுப் பொறி வைத்துப் பிடித்துப் பார்க்கலாமா என்று அண்ணன் கேட்பார். நான் வேண்டாம் என்பேன். வைத்தே தீருவதானால் கம்பிக் கூண்டாக இருக்கட்டும், அறையும் பொறி வேண்டாம். வறுத்த தேங்காய்ச் சில்லோ வெங்காய வடைத் துண்டோ உள்ளே போதும். கூண்டை நிழலில், மேலே பனையோலை போட்டு, எறும்புப் புற்றுக்குத் தள்ளி வையுங்கள். காட்டெலி கூண்டில் சாவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால்: விடியற்காலையில் போய்ப் பார்க்காமல் ஒன்பது மணி வெயிலில் விட்டுவிடுவது, இல்லையென்றால் இரவெல்லாம் எறும்பு மொய்ப்பது. சூரியன் எழுமுன் பார்த்து, கூண்டோடு படம் எடுத்து, பிடித்த மரத்தடியிலேயே திறந்துவிடுங்கள். நாலு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடுவது இரக்கமாகத் தோன்றும், ஆனால் தெரியாத இடத்தில் பொந்து தேடி அலையும் எலியை அன்றிரவே ஆந்தை தூக்கிவிடும். கூண்டு வைப்பது உங்கள் பட்டா நிலத்துக்குள் மட்டும். ரிசர்வ் காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் பிடிக்கக் கூடாது.

உங்கள் ஊர்ச் சீமையில் இது எங்கே இருக்க முடியும் என்பதையும் யோசித்துப் பார்க்கலாம். செட்டிநாட்டில் பெருங்காடு கிடையாது. செம்மண்ணும் சரளையும் ஊருணியும் பொட்டலும்தான். சீமைக்கருவேலமும் தைல மரமும் பரப்பில் அதிகம். ஆனால் பொந்து விழுந்த பழைய மரம் அவற்றில் இல்லை: தைல மரத்தைச் சில வருஷத்துக்கு ஒருமுறை வெட்டி எடுத்துவிடுகிறார்கள், கருவேலம் பொந்து விழும் அளவுக்குப் பருப்பதற்குள் கரிமூட்டத்துக்குப் போகிறது. மிஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்று, வீரை, காசான், உலக்கைப்பாலை, உசிலை, ஆல், இலுப்பை என்று பெருமரங்கள் நிற்கும் கோயில் காடுகள். இன்னொன்று, பிரான்மலை, குன்றக்குடி, திருமயம் போலக் கல் குவிந்த குன்றுகள். ஒரு இலுப்பையின் நடுத்தண்டில் கிளை ஒடிந்து விழுந்த இடத்தில் மழைநீர் இறங்கி உள்மரம் அழுகி, கை நுழையும் அளவுக்குப் பொந்தாகப் பல வருஷம் பிடிக்கும். அதனால்தான் உங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அப்பால் இதைப் பார்த்ததில் எனக்கு வியப்பில்லை. தைல மரத் தோப்பில் பார்த்ததாகச் சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன்.

பூட்டிய வீட்டில் உங்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. இரண்டாம் கட்டில் எங்கேயாவது கூகை தங்குகிறதா பாருங்கள். சாக்குருவி என்று விரட்டுவார்களே, அதுதான். உத்தரத்துக்கு நேர் கீழே தரையில் வெள்ளை எச்சமும், பக்கத்தில் விரல் நீளத்துக்குக் கருஞ்சாம்பல் உருண்டைகளும் கிடக்கும். அவை எச்சம் இல்லை, தின்ற எலியின் ரோமத்தையும் எலும்பையும் பறவை கக்கிய உருண்டை. கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதப் பையில் போட்டு நாள் எழுதுங்கள். பிளாஸ்டிக் பையில் பூஞ்சை பிடித்துவிடும். சோப்பு கலந்த வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து ஊசியால் பிரித்தால் மண்டையோடு முழுதாகக் கிடைக்கும். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பெரிய வெற்றிடம் இருந்தால் எலி. அந்த வெற்றிடம் இல்லாமல் கூர்பற்கள் வரிசையாக நின்று, கன்ன எலும்பு வளைவும் இல்லாவிட்டால் மூஞ்சூறு. அதற்குமேல் எந்த எலி என்பதைக் கடைவாய்ப் பல்லின் அமைப்பை வைத்துத் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் சென்னையில் இருக்கிறது, கல்லூரி விலங்கியல் துறை வழியாக அணுகலாம். ஒரு குளிர்காலத்து உருண்டைகள், அக்கம்பக்கத்தில் என்னென்ன எலி ஓடுகிறது என்பதற்குக் கண்ணால் பார்த்த சாட்சியைவிட நல்ல ஆதாரம்.

இப்போது மருந்து. என் பதில் வேண்டாம். கடையில் கிடைப்பவற்றில் ரத்தம் உறையாமல் செய்யும் புரோமடியோலோன் கட்டியைத் தின்ற எலி உடனே சாகாது, நாலைந்து நாள் ஆகும். அந்த நாலைந்து நாளும் மந்தமாக, வெளியிலேயே திரியும். அதைத்தான் கூகையும் சாரையும் மரநாயும் பூனையும் எளிதாகப் பிடிக்கும், விஷம் அவற்றுக்கும் போகும். ஒரு கூகைச் சோடி இரவில் தின்று தீர்க்கும் எலிக் கணக்கை நினைத்தால் இது வீட்டுக்காரருக்கே நட்டம். துத்தநாக பாஸ்பைடு பொடி வேகமாக வேலை செய்யும். வயிற்று அமிலத்தில் பட்டதும் பாஸ்பீன் வாயுவாக மாறும், மனிதர் தின்றால் மாற்று மருந்து கிடையாது. பற்பசை மாதிரி விற்ற மஞ்சள் பாஸ்பரஸ் பசை கல்லீரலைத் தின்றுவிடும். அதை வீட்டு வாசற்படிக்குள்ளேயே விடாதீர்கள். இன்னொன்று: பூட்டிய வீட்டில் விஷம் தின்ற எலி தேக்கு மச்சுக்கும் ஓட்டுக்கும் நடுவே போய்ச் செத்தால், அடுத்த திருவிழாவுக்குத் திறக்கும்போதுதான் தெரியும்.

சட்டமே எலியைத் தொல்லை விலங்கு என்கிறது, அதனால் கொல்லலாம் என்று சொல்பவர்கள் பழைய ஏட்டைப் பார்த்துச் சொல்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் காகம், பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு சுண்டெலியும் எலியும் தொல்லை விலங்குகளாக இருந்தன. எந்த எலி என்று அதில் இல்லை, எல்லா எலியும் ஒரே சொல்லுக்குள் அடங்கியது. 2022-ல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. இப்போது ஒரு விலங்கைத் தொல்லை என்று ஒன்றிய அரசு தனியாக அறிவிக்க வேண்டும். வீட்டுக்குள் நுழைந்த வீட்டு எலிக்காக யாரும் உங்கள்மேல் வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் எல்லாம் ஒரே எலி என்ற பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சேலம் நல்ல உதாரணம். அங்கே குரும்பபட்டிப் பகுதியிலிருந்து 1946-ல் எல்லர்மன் என்ற விலங்கியலாளர் விவரித்த எல்விரா எலி, உலகிலேயே அந்த வட்டாரத்துக் கல்குன்றுப் புதர்க்காட்டில் மட்டும் அறியப்பட்டது, அழிவின் விளிம்பில் வைக்கப்பட்டிருப்பது. அதைக் கையில் பிடித்துக் காட்டினாலும் நம்மில் யாருக்கும் அது வெறும் எலிதான்.

நோய் பற்றிய உங்கள் பயம் நியாயம், ஆனால் அது இந்த எலிக்கு மட்டும் உரியதில்லை. எலிக்காய்ச்சல் எந்த எலியின் சிறுநீரிலிருந்தும் ஈரம் வழியாக வரலாம். உண்ணிக்காய்ச்சல், புதரில் எலிமேல் தொற்றிக்கொண்டிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக் குஞ்சு கடிப்பதால் வருவது. மழைக்காலத்திலும் அதை ஒட்டிய குளிரிலும் கோயில் காட்டுக்குள் சுள்ளி பொறுக்கப் போனவருக்குக் காய்ச்சல் வந்தால், இடுப்பு, அக்குள், தொடை இடுக்கில் வலியில்லாத கருத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மருத்துவரிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் சீக்கிரம் அடங்கும், தாமதம்தான் ஆபத்து. வீட்டைத் திறந்ததும் எலிப்புழுக்கையை விளக்குமாற்றால் கூட்டுவதை முதலில் நிறுத்துங்கள், தூசியோடு மூக்குக்குள் போகும். கதவு ஜன்னலை அரை மணி நேரம் திறந்து வைத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளித்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, பழந்துணியால் துடைத்து எடுங்கள். ஆத்தங்குடித் தரைக்கல்லில் பிளீச்சிங் நீர் நின்றால் நிறம் வெளுக்கும். அங்கே சோப்பு நீரில் நனைத்துத் துடைத்தால் போதும்.

மருந்துக்குப் பதில் செய்ய வேண்டிய வேலை வீட்டை அடைப்பது. கட்டைவிரல் நுழையும் ஓட்டையில் எலி நுழையும், பென்சில் நுழையும் ஓட்டையில் சுண்டெலி நுழையும். செட்டிநாட்டு வீட்டில் மூன்று இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: தாழ்வாரத்து ஓட்டின் கடைசி வரிசைக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் இடுக்கு, மேல்சுவர்க் காற்றுத் துளைகள், வளவு முற்றத்து மழைநீர் வெளியேறும் வழி. ஓட்டுக் கடைசியிலும் காற்றுத் துளையிலும் கால் அங்குலக் கண் உள்ள, துத்தநாகம் பூசிய இரும்பு (ஜி.ஐ.) வலையை அடியுங்கள், கொசு வலையைக் கடித்துவிடும். சுவர் ஓட்டையைச் சிமென்ட்டால் அடைக்காதீர்கள். பழைய சுண்ணாம்புச் சாந்தோடு அது ஒட்டாது, இரண்டு மழையில் விளிம்பு பிளந்து மறுபடி ஓட்டையாகும், ஈரத்தையும் உள்ளே பூட்டிவைக்கும். இரும்புப் பஞ்சை இறுக்கித் திணித்து அதன்மேல் சுண்ணாம்புச் சாந்து பூசச் சொல்லுங்கள். எதை அடைக்கும் முன்பும் துளையில் கசக்கிய செய்தித்தாளை அடைத்து மூன்று இரவு விடுங்கள். தாள் அப்படியே இருந்தால் உள்ளே ஒன்றும் இல்லை, தள்ளிக் கிடந்தால் இன்னும் போக்குவரத்து நடக்கிறது, குட்டியோடு பூட்டிவிடாதீர்கள்.

கோயில் காட்டு மரக்கிளை ஓட்டுக்கு இரண்டு மீட்டருக்குள் வந்திருந்தால் அந்தக் கிளையை மட்டும் நறுக்குங்கள், அதற்குள் இருந்தால் எலி தாவிவிடும். ஊர்க் கோயில் மரம் என்றால் பூசாரியிடமும் ஊரிலும் கேட்டுவிட்டுச் செய்வது முறை. உங்கள் வளாகத்துக்குள் நிற்கும் தென்னைக்கு மட்டும் ஆள் உயரத்துக்கு மேலே 40 செ.மீ. அகலத் தகரத்தைச் சுற்றலாம், ஆணி அடிக்காமல் கம்பியால் கட்டுங்கள். பொந்துள்ள இலுப்பைக்குத் தகரம் கட்ட வேண்டாம், பொந்தைச் சிமென்ட் வைத்து அடைக்கவும் வேண்டாம். காட்டெலிக்கு அங்கே இடம் இருக்கும்வரை உங்கள் மச்சு அதற்கு அவசியமில்லை. கோயில் காட்டில் சீமைக்கருவேலம் எடுக்க ஊர் முடிவு செய்தால், பொக்லைன் விடாமல் ஆள் வைத்து வெட்டச் சொல்லுங்கள். இயந்திரம் காசானையும் வீரைக் கன்றையும் சேர்த்தே வாரிவிடும். முற்றத்து வாய்க்கால் வலையை உள்பக்கம் வைத்தால் சருகு அடைத்து மழையில் வளவுக்குள் தண்ணீர் நிற்கும். வெளி வாயில், கழற்றி மாட்டும் சட்டத்தில் வைத்து, ஐப்பசிக்கு முன் ஒருமுறையும் மார்கழியில் ஒருமுறையும் அண்ணனை எடுத்துத் தட்டச் சொல்லுங்கள்.